பூட்டிவைத்த மறையாக்கம் யாருக்கும் பயன்படுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில், தென்மாவட்டப் பொறியியல் கல்லூரி ஒன்றின் பேராசிரியர்கள் புதிய மறையாக்க முறைக்குக் காப்புரிமை பெற்றுச் சாதனை படைத்திருப்பதாக ஒரு செய்தி வந்திருந்தது. தாளாளர் நடுவில் நிற்க, சால்வை அணிந்த பேராசிரியர்கள் இருபுறமும் நிற்கும் படமும் இருந்தது. அவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல நான் இதை எழுதவில்லை. நானும் ஒரு பொறியியல் கல்லூரியில் வலையமைப்புப் பாதுகாப்பு என்ற பாடத்தை நடத்துகிறவள். வகுப்பு, விடைத்தாள், அங்கீகாரக் குழுவின் வருகை இவற்றுக்கு நடுவில் ஆராய்ச்சிக்கு நேரம் ஒதுக்குவது எவ்வளவு சிரமம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் என்கிரிப்ஷன் எனப்படும் மறையாக்கத்தில் காப்புரிமை வாங்குவது நாட்டுக்கு நன்மையா என்று கேட்காமல் பாராட்டிவிட முடியாது. இந்தத் துறையின் ஐம்பதாண்டு அனுபவம் வேறு பதிலைச் சொல்கிறது.

முதலில் ஒரு திருத்தம். அந்தச் செய்தியின் உள்ளே, விண்ணப்பம் காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியாகியிருப்பதாக ஒரு வரி இருந்தது. விண்ணப்பம் இதழில் வெளியாவது வேறு, காப்புரிமை வழங்கப்படுவது வேறு. நம் சட்டப்படி எந்த விண்ணப்பமும் 18 மாதங்கள் கழிந்தால் இதழில் வெளியாகும். படிவம் 9-ஐக் கட்டணத்தோடு கொடுத்தால் அதற்கு முன்பே வெளியாகும். அந்தக் கட்டத்தில் எந்த அதிகாரியும் அதை ஆராய்ந்து பார்த்திருக்க மாட்டார். அந்த ஆய்வுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதன்பின் மறுக்கப்படவும் கூடும். கல்லூரிகள் இதழில் வெளியான நாளிலேயே படம் எடுத்து அனுப்பிவிடுகின்றன. தரவரிசைப் பட்டியலுக்கான மதிப்பெண்ணில் காப்புரிமைகள் எண்ணப்படுகின்றன. 2021 முதல் கல்வி நிறுவனங்களுக்குக் காப்புரிமைக் கட்டணத்தில் 80 சதவீதம் சலுகையும் உண்டு. இரண்டும் சேர்ந்ததில், ஒவ்வொரு துறைத் தலைவருக்கும் இந்த ஆண்டு இத்தனை விண்ணப்பம் என்று இலக்கு வைக்கும் நிலை வந்திருக்கிறது. எங்கள் துறைக் கூட்டங்களிலும் இதே பேச்சுதான்.

மற்றத் துறைகளைப் பற்றி நான் பேசவில்லை. புதிய பம்புக்கோ, மருந்துக்கோ காப்புரிமை வாங்குவதில் நியாயம் இருக்கலாம். மறையாக்கம் அப்படிப்பட்டதன்று. ஒரு மறையாக்க முறை நம்பத்தக்கதா என்பதை அதைக் கண்டுபிடித்தவரால் சொல்ல முடியாது. உலகெங்கும் உள்ள மற்றவர்கள் அதைப் பல ஆண்டுகள் உடைக்க முயன்று தோற்ற பிறகுதான் அதன் மீது நம்பிக்கை பிறக்கும். அத்தனை பேர் அதைத் தொட வேண்டும் என்றால், தங்கள் மென்பொருளில் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும் என்றால், வழக்கு வரும் என்ற பயம் அவர்களுக்கு இருக்கக் கூடாது. பயம் இருந்த இடங்களில் என்ன நடந்தது என்பதைச் சில உதாரணங்களோடு சொல்கிறேன்.

ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறையை 1977-இல் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் கண்டுபிடித்தார்கள். அது அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே ஓர் அறிவியல் இதழில் வெளியாகிவிட்டதால் மற்ற நாடுகளில் காப்புரிமை கேட்க வழியில்லாமல் போயிற்று. அமெரிக்காவில் மட்டும் டிசம்பரில் விண்ணப்பித்து 1983 செப்டம்பர் 20 அன்று பெற்றார்கள். இதன் விளைவு விசித்திரமானது. ஒரே கணக்கை ஆஸ்திரேலியாவிலோ ஜெர்மனியிலோ உட்கார்ந்து யாரும் நிரலாக எழுத முடிந்தது. அமெரிக்காவில் உரிமம் இல்லாமல் எழுதினால் காப்புரிமை மீறல் வழக்கு வரக்கூடிய நிலை இருந்தது. ஃபில் சிம்மர்மன் 1991-இல், ஆர்எஸ்ஏ-வைப் பயன்படுத்தும் பிஜிபி என்ற மின்னஞ்சல் மறையாக்க மென்பொருளை இலவசமாக வெளியிட்டபோது, காப்புரிமை வைத்திருந்தவர்களோடு அவருக்குப் பெரிய தகராறு ஏற்பட்டது. அரசு தரப்பில் ஏற்றுமதிச் சட்டத்தின் பேரில் விசாரணையும் சேர்ந்துகொண்டது. அது 1996 தொடக்கத்தில்தான் கைவிடப்பட்டது. சாதாரண மனிதனின் கடிதத்துக்கு ஓர் உறை கிடைக்க வேண்டும் என்று நினைத்தவருக்கு நேர்ந்த கதி இது.

அதே பிஜிபி-யில் இருந்த இன்னொரு முறை ஐடியா. சுவிட்சர்லாந்தில் உருவானது; நல்ல முறை, பெரிய பழுது எதுவும் கண்டறியப்படாதது. ஆனால் அதற்குக் காப்புரிமை இருந்தது. வணிகப் பயன்பாட்டுக்கு உரிமம் வாங்க வேண்டியிருந்தது. ஜெர்மனியில் வெர்னர் காக் பிஜிபி-க்கு மாற்றாக க்னூபிஜி என்ற திறமூல மென்பொருளை (நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் கூடிய மென்பொருளை) எழுதியபோது ஐடியாவைச் சேர்க்கவே இல்லை. 1999-இல் வந்த முதல் முழுப் பதிப்பில் ஆர்எஸ்ஏ-வும் இல்லை. பழைய பிஜிபி-யில் மறைத்த கடிதங்களைத் திறக்க விரும்பியவர்கள் தனியாக ஒரு கோப்பைத் தேடி இணைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆர்எஸ்ஏ காப்புரிமை 2000 செப்டம்பரில் முடிந்ததும் க்னூபிஜி-யில் அது சேர்க்கப்பட்டது. ஐடியாவின் காப்புரிமைகள் முழுமையாகத் தீர்ந்தது 2012-இல். அதற்குள் உலகம் ஏஇஎஸ் என்ற வேறொரு மறையாக்க முறைக்குப் போய்விட்டது. ஏஇஎஸ் எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். 1997-இல் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் போட்டியை அறிவித்தபோதே, தேர்வாகும் முறை உலகெங்கும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. இரண்டு பெல்ஜியர்கள் எழுதிய ரைண்டால் வென்றது. இன்று நம் வங்கி இணையதளம் முதல் கைபேசி வரை எங்கும் அது இருக்கிறது. ஐடியாவை என் மாணவர்கள் பழைய பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்க்கிறார்கள்.

என்னை அதிகம் வருத்தும் உதாரணம் ஓசிபி. தகவலை மறைப்பதையும், வழியில் யாரும் அதை மாற்றவில்லை என்று உறுதி செய்வதையும் ஒரே ஓட்டத்தில் செய்யும் முறை அது. மென்பொருளில் மிக வேகமானது. கலிஃபோர்னியப் பேராசிரியர் ஃபிலிப் ரோகவே அதை 2001-இல் வெளியிட்டார். காப்புரிமைக்கும் விண்ணப்பித்தார், வேறு இரு தரப்பினரும் நெருக்கமான முறைகளுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். வைஃபை பாதுகாப்புக்கான புதிய தரத்தின் வரைவில் ஓசிபி இடம்பெற்றிருந்தது. மூன்று தரப்புக் காப்புரிமைகளோடு மல்லுக்கட்ட யாரும் விரும்பாததால் அதைவிட மெதுவான வேறொரு முறைக்கு மாறிவிட்டார்கள். ரோகவே பேராசைக்காரர் அல்லர். பின்னாளில் திறமூல மென்பொருள்களுக்கு இலவச உரிமம் தந்தார்; ராணுவப் பயன்பாடு தவிர்த்த மற்ற மென்பொருள்களுக்கும் தந்தார்; இணையத் தொடர்புகளைப் பாதுகாக்கும் திறமூல நிரல் தொகுப்பான ஓப்பன் எஸ்எஸ்எல் திட்டத்துக்குத் தனியாக ஓர் உரிமம் எழுதிக் கொடுத்தார். அறிவியலாளரின் அறப் பொறுப்பைப் பற்றி உரக்கப் பேசிய மனிதர் அவர். ராணுவத்துக்கு விலக்கு வைத்ததன் பின்னால் இருந்த மனசாட்சியை நான் மதிக்கிறேன். ஆனாலும் எத்தனை நல்ல உரிமமாக இருந்தாலும் அதை ஒரு வழக்கறிஞர் படித்துப் பார்க்க வேண்டும் என்ற நிலை வந்தவுடனேயே நிரல் எழுதுகிறவர்கள் விலகிப் போய்விடுகிறார்கள். கட்டணமும் கேள்வியும் இல்லாத ஜிசிஎம் முறை எங்கும் பரவியது. அதில் ஒவ்வொரு செய்திக்கும் புதிதாக இருக்க வேண்டிய ஓர் எண்ணைத் தவறுதலாக இருமுறை பயன்படுத்திவிட்டால் பாதுகாப்பு குலைந்துபோகும் என்பது நான் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் எச்சரிக்கும் விஷயம். 2021-இல் ரோகவே தன் காப்புரிமைகளைக் கைவிட்டார். இருபதாண்டுகள் போய்விட்டன. உலகம் ஏற்கெனவே வேறு முறையில் ஊன்றிவிட்டது.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. டேனியல் பெர்ன்ஸ்டீன் 2006-இல், நீள்வளைவு (எலிப்டிக் கர்வ்) எனப்படும் கணக்கை அடிப்படையாகக் கொண்ட கர்வ் 25519 என்ற முறையைக் காப்புரிமை எதுவும் கோராமல், நிரலைப் பொதுவுடைமையாக்கி வெளியிட்டார். அக்காலத்தில் இந்த நீள்வளைவுக் கணக்குகளைச் சுற்றி ஒரு கனடிய நிறுவனத்தின் காப்புரிமைகள் சூழ்ந்திருந்தன; அந்த அச்சத்தால் ஃபெடோரா என்ற லினக்ஸ் இயங்குதளம் 2013 வரை தன் ஓப்பன் எஸ்எஸ்எல் தொகுப்பிலிருந்து நீள்வளைவு முறைகளை நீக்கியே வெளியிட்டு வந்தது. பெர்ன்ஸ்டீனின் முறை இன்று வாட்ஸ்அப்பிலும் சிக்னலிலும் இருக்கிறது. இந்தக் கடிதத்தைப் படிக்கும் வாசகர்களில் பெரும்பாலோர் இன்று காலையிலேயே அதைப் பயன்படுத்தியிருப்பார்கள். தமிழ்நாட்டுப் பேராசிரியர் ஒருவரின் முறை அந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். காப்புரிமை அலுவலகம் அந்த இடத்துக்குப் போகும் வழியன்று.

இது பழங்கதை என்று யாரும் சொல்ல வேண்டாம். குவாண்டம் கணினிகளுக்கும் ஈடுகொடுக்கும் முறையாக நிஸ்ட் 2022 ஜூலையில் கைபர் என்பதைத் தேர்ந்தெடுத்தபோது, முதலில் சில காப்புரிமைக்காரர்களோடு ஒப்பந்தம் முடிய வேண்டியிருந்தது. பிரெஞ்சு அரசு ஆராய்ச்சி நிறுவனமான சிஎன்ஆர்எஸ் வைத்திருந்த காப்புரிமையும் அவற்றுள் ஒன்று. ஒப்பந்தம் கைகூடாவிட்டால் என்டிஆர்யு என்ற வேறு முறைக்குப் போவோம் என்றும் நிஸ்ட் அறிவித்தது. 2024 ஆகஸ்டில்தான் அது தரமாக வெளிவந்தது. இதற்கிடையில், தொலைவிலுள்ள கணினிகளில் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓப்பன் எஸ்எஸ்எச் என்ற மென்பொருளின் குழுவினர் காத்திருக்காமல், 2022 ஏப்ரலிலேயே என்டிஆர்யு குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு முறையைத் தங்கள் இயல்பு முறையாக வைத்துவிட்டார்கள்.

இனி, திறமூலத் திட்டங்களுக்கு நிரல் எழுதிக் கொடுப்பதற்கான பங்களிப்பு விதிகளுக்கு வருகிறேன். திறமூலம் என்றால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போட்டுவிட்டுப் போகலாம் என்று நம் கல்லூரிகளில் பலர் எண்ணுகிறார்கள். மறையாக்க மென்பொருளில் அது அறவே கிடையாது. நிலம் வாங்குமுன் வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்ப்பதுபோல, ஒவ்வொரு வரியையும் கொடுக்கும் உரிமை கொடுக்கிறவருக்கு இருக்கிறதா என்று கேட்கிறார்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருநிரலில் 2004 முதல், இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று ஒவ்வொருவரும் தன் பெயரிட்டு உறுதி சொல்ல வேண்டும். க்னூபிஜி-யும் இப்போது அதே வழியில் செல்கிறது. ஓப்பன் எஸ்எஸ்எல் இன்னும் கண்டிப்பானது: எழுத்துப் பிழைத் திருத்தம் போன்ற அற்ப மாற்றங்கள் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். தனிநபருக்கு ஒரு படிவம். வேலை தருகிற நிறுவனத்துக்கு அந்த நிரலில் உரிமை இருக்குமானால் நிறுவனத்துக்கு இன்னொரு படிவம்.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்பதற்கு ஓப்பன் எஸ்எஸ்எல்-இன் கதையே சான்று. ஆஸ்திரேலியர் இருவர் எழுதிய எஸ்எஸ்எல்ஈ என்ற நிரலிலிருந்து அது 1998 இறுதியில் பிறந்தது. பழைய உரிமத்தில், விளம்பரங்களில் எங்கள் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற ஒரு நிபந்தனை இருந்தது. அந்த ஒரு வரியால் அது, பல திறமூல மென்பொருள்கள் பின்பற்றும் ஜிபிஎல் உரிமத்தோடு பொருந்தாமல் போனது. ஜிபிஎல் மென்பொருள்கள் தங்கள் உரிமத்தில் சிறப்பு விலக்கு எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது, அல்லது வேறு மறையாக்க நிரல் தொகுப்பைத் தேட வேண்டியிருந்தது. அந்த வரியை மாற்ற 2017-இல் தொடங்கினார்கள். பல ஆண்டுகளாகப் பங்களித்த நூற்றுக்கணக்கானோரைத் தேடிக் கடிதம் எழுதினார்கள். பதில் வராவிட்டால் மறுப்பில்லை என்று எடுத்துக்கொள்வோம் என்று அதில் இருந்ததைப் பார்த்து ஓப்பன்பிஎஸ்டி என்ற திறமூல இயங்குதளத்தின் தரப்பினர் கொதித்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன், மௌனத்தைச் சம்மதமாக்கினால் பிறகு ஒப்பந்தத்துக்கு என்ன மதிப்பு? 2021 செப்டம்பர் 7 அன்று வெளியான 3.0 பதிப்பில்தான் அப்பாச்சி 2.0 என்ற திறமூல உரிமம் நடைமுறைக்கு வந்தது. நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. முதல் நாளிலேயே எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தால் இந்தப் பாடு இல்லை.

அப்பாச்சி உரிமத்தில் எனக்குப் பிடித்த பிரிவு மூன்றாவது. பங்களிக்கிறவர் தன் நிரலைத் தரும்போது, அந்த நிரலைப் பயன்படுத்தத் தேவையான தன் காப்புரிமைகளையும் சேர்த்தே எல்லாருக்கும் அனுமதிக்கிறார். அந்த மென்பொருள் தன் காப்புரிமையை மீறுகிறது என்று எவராவது வழக்குப் போட்டால், அதே மென்பொருளின் பேரில் அவருக்குக் கிடைத்த காப்புரிமை அனுமதி முடிந்துபோகும். இடக்கையால் கொடுத்து வலக்கையால் பறிக்க முடியாது.

இப்போது என் வருத்தத்தைச் சொல்கிறேன். நான் முன்பு பணியாற்றிய கல்லூரியில் இறுதியாண்டு மாணவி ஒருத்தி, சிறு கருவிகளில் இருக்கும் ஒரு வகைச் செயலியில் மின்கையொப்பச் சரிபார்ப்பு வேகமாக நடக்கும்படி ஓப்பன் எஸ்எஸ்எல்-க்கு ஒரு மாற்றம் எழுதினாள். சோதனைகளையும் தானே எழுதினாள். வெளிநாட்டிலிருந்து சரிபார்த்தவர்கள் குறைகளைச் சுட்டினார்கள், ஒவ்வொன்றையும் திருத்தினாள். ஆங்கிலம் பேசத் தயங்கும் அந்தப் பெண், எழுத்தில் தன் வாதத்தை அத்தனை தெளிவாக வைத்ததைப் பார்த்து நான் நெகிழ்ந்துபோனேன். கடைசியில் ஒப்பந்தப் படிவம் வரும்வரை நிறுத்திவைக்கப்படுகிறது என்ற அடையாளம் அதன்மேல் விழுந்தது.

அங்கேதான் எல்லாம் நின்றது. மாணவர்கள் சேரும்போது கையெழுத்திடும் கட்டுக் காகிதங்களில், கல்லூரியின் ஆய்வகத்தையோ இணையத்தையோ பயன்படுத்தி உருவாக்கிய எதுவும் கல்லூரிக்கே சொந்தம் என்று ஒரு விதி இருந்தது. அதைப் படித்துவிட்டு, எனக்கு உரிமை உண்டு என்று தனிநபர் படிவத்தில் கையெழுத்திட அவள் மறுத்துவிட்டாள். அது அவளுடைய நேர்மை. கல்லூரி ஓர் அனுமதிக் கடிதம் தர வேண்டும், அவ்வளவுதான். அறிவுசார் சொத்துரிமைப் பிரிவில் முதலில் கேட்ட கேள்வி, இதற்குக் காப்புரிமை எடுக்க முடியுமா என்பது. அடுத்து, விண்ணப்பிக்கும்வரை நிரலை யாருக்கும் காட்டாதீர்கள் என்றார்கள். ஏற்கெனவே உலகம் முழுவதும் பார்க்கும்படி அது கிடக்கிறது என்று சொன்னதும், சட்ட ஆலோசகரின் கருத்துக்கு அனுப்பினார்கள். கருத்து வரவே இல்லை. அவள் தேர்வு எழுதி முடித்து வேலைக்குப் போய்விட்டாள். மாதங்கள் கழிந்து அந்த மாற்றம் ஏற்கப்படாமலே மூடப்பட்டது. கோடிக்கணக்கான கருவிகளில் ஓடியிருக்க வேண்டிய நிரல் அது. அதே ஆண்டு அந்தக் கல்லூரி, யாரும் ஒருநாளும் பயன்படுத்தப்போகாத விண்ணப்பங்களுக்காக விழா எடுத்தது.

நாம் காப்புரிமை எடுக்காவிட்டால் வேறொருவர் எடுத்துவிடுவாரே என்று என் சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். தேதியோடு பொதுவில் வெளியான நிரலும் கட்டுரையும் இருந்தால், பிறகு விண்ணப்பிப்பவரின் புதுமைக் கோரிக்கையை அதுவே முறியடிக்கும். ஆர்எஸ்ஏ-வுக்கு அமெரிக்காவுக்கு வெளியே நடந்தது அதுதான். வெளியிடுவதே நமக்கும் பாதுகாப்பு, மற்றவர்களுக்கும் பாதுகாப்பு.

நம் சட்டமும் இதற்குத் துணையாகவே இருக்கிறது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணித முறைகளையும், வெறும் கணினி நிரல்களையும், அல்காரிதங்களையும் கண்டுபிடிப்புகளாக ஏற்பதில்லை. 2004 டிசம்பரில் வந்த அவசரச் சட்டம் இந்தக் கதவைக் கொஞ்சம் திறக்கப் பார்த்தது. 2005-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தில் அந்த மாற்றம் இடம்பெறவில்லை. ஆகவேதான் கல்லூரி விண்ணப்பங்களில் கணக்கைக் கணக்கென்று எழுதாமல், செயலி, நினைவகம், கருவி என்று சுற்றி வேலி கட்டி எழுதுகிறார்கள். அப்படி எழுதிக் கொடுக்கும் முகவர்களுக்குக் கல்லூரிகள் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை, மாணவர்கள் எழுதிய நிரலை உலகத் தரத்துக்குச் சரிபார்க்கச் செலவிடலாம்.

தங்களிடம் நான் கேட்பது இரண்டு. காப்புரிமைச் செய்தி எதுவும் வந்தால் விண்ணப்ப எண்ணையும், அது வெளியானதா வழங்கப்பட்டதா என்பதையும் கேட்டு வாங்கி அச்சிடுங்கள். காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் யாரும் சில நிமிடங்களில் சரிபார்த்துவிடலாம். அடுத்து, பெரிய திறமூலத் திட்டம் ஒன்றில் நம் மாணவரின் நிரல் ஏற்கப்பட்டால் அதற்கும் கல்விப் பக்கத்தில் அதே அளவு இடம் கொடுங்கள். அந்தப் பதிவில் பெயரும் தேதியும் இருக்கும். பொய் சொல்ல முடியாது.

கல்லூரி நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வணிக நோக்கமில்லாத திறமூலப் பங்களிப்புகளில் கல்லூரி உரிமை கோராது, பங்களிப்பு ஒப்பந்தங்களில் கையெழுத்திட மாணவருக்கும் ஆசிரியருக்கும் அனுமதி உண்டு, நிறுவனப் படிவம் தேவைப்பட்டால் முதல்வர் பதினைந்து நாள்களுக்குள் கையெழுத்திடுவார் என்று ஆட்சிக் குழுவில் ஒரு தீர்மானம் போதும். அதற்கான வரைவு ஒன்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்கத்தில் எழுதி, வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டித் திருத்தி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தோடு அதையும் இணைத்துள்ளேன். கேட்டு எழுதும் கல்லூரிகளுக்குத் தாங்கள் அதை அனுப்பிவைத்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
கணினி அறிவியல் பேராசிரியை ஒருவர்,
மதுரை.
(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)